முதல் ஊசி தமக்கே போட்டுக்கொண்டவர்



கோயமுத்தூர்ப் பக்கம் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோவில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாரியம்மனை ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்வோம், மரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்வோம். ஒரு வியாதியின் இங்கிலீஷ் பெயரையே அம்மனுக்குச் சூட்டினார்கள் என்றால், அந்த வியாதி நம் ஜனங்களை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்!

எங்கள் கொமரலிங்கம் இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். 2009க்கு முன்னால் கோவை மாவட்டம். அமராவதித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைகிற ஊர். என் அம்மாயி, தன் தாயாரிடம் கேட்ட கதையாகச் சொல்லுவார்: "ஊட்டுக்குள்ள எலி செத்து விழுந்துச்சுன்னா போதும் கண்ணு, அடுப்புல வெச்ச சோத்தைக்கூட எறக்காம சட்டி பானையைத் தூக்கிட்டுத் தோட்டத்துச் சாளைக்குக் குடி போயிருவாங்க. அக்குள்ல நெறி கட்டினா மூணாம் நாளு ஆள் இருக்காது." சிறு வயதில் இதைப் பேய்க்கதை மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம். அது கதையல்ல. 1896ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், அடுத்த முப்பது முப்பத்தைந்து வருஷங்களில் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கும் மேல் வாரிக்கொண்டு போனது.

அந்தக் கொள்ளை நோய்க்கு முதன்முதலாக ஒரு தடுப்பூசி செய்து கொடுத்த மனிதரைப் பற்றித்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன். பெயர் வால்டெமர் ஹாஃப்கின். அவர் இங்கிலீஷ்காரர் அல்ல. உக்ரைன் நாட்டில் உள்ள ஒடெஸா என்ற துறைமுகப் பட்டணத்தில் 1860ம் வருஷம் மார்ச் 15ம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 2022ல் யுத்தம் மூண்டபோது, உக்ரைனுக்கு டாக்டர் படிப்புப் படிக்கப் போன நம் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்ததை டி.வி.யில் பார்த்தோம் அல்லவா? அந்த மண்ணிலிருந்து நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் நம் நாட்டுக்கு வந்தார். நம் ஜனங்களின் உயிரைக் காப்பாற்ற இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார்.

எல்லாரும் அவரை டாக்டர் ஹாஃப்கின் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர் வைத்தியக் கல்லூரியில் படித்தவர் அல்ல. உயிரினங்களைப் பற்றிய சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கஷ்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒடெஸா சர்வகலாசாலையில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் மெச்னிகாவ். பிற்காலத்தில், 1908ல், நோபல் பரிசு வாங்கிய மேதை. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் யூதர்களின் வீடுகளைக் கும்பல் சேர்ந்து தாக்குவது அடிக்கடி நடந்தது. வாலிபராக இருந்த ஹாஃப்கின் தம் ஜனங்களைக் காக்கத் தெருவில் இறங்கினார், அடிபட்டார், கைதும் ஆனார். குருநாதர் தலையிட்டு மீட்டார். இத்தனை படித்தும் வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. "உன் மதத்தை விட்டு எங்கள் மதத்துக்கு வந்தால் வேலை தருகிறோம்" என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. 1888ல் ஊரை விட்டுப் புறப்பட்டு ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். அடுத்த வருஷம் பாரிஸில் லூயி பாஸ்டர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்த அதே பாஸ்டர்தான்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? புஸ்தக சாலையைப் பார்த்துக்கொள்கிற வேலை! அதையும் மனம் கோணாமல் செய்தார். ஓய்ந்த நேரத்திலெல்லாம் காலராக் கிருமியை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தையல் மிஷினில் உட்காருகிற பெண்களுக்கு அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

காலராவுக்கு ஒரு தடுப்பு மருந்து தயாராயிற்று. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. இனி மனிதனுக்குப் போட வேண்டும். யாருக்குப் போடுவது? 1892ம் வருஷம் ஜூலை 18ம் தேதி அவர் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, ஊசி போட்ட இடம் வலித்தது, சில நாளில் சரியாகிவிட்டது. பிறகு இரண்டாவது ஊசி. அதற்கப்புறம்தான் நண்பர்களுக்குப் போட்டார்.

காலரா அதிகமாக இருந்த தேசம் எதுவோ அங்கே போய்த்தானே மருந்தின் குணத்தைப் பார்க்க முடியும்? முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவர் சொல்லியே ஹாஃப்கின் 1893 மார்ச்சில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். பாஷை தெரியாது, பழக்கமானவர் இல்லை, வெயில் ஒத்துக்கொள்ளாது. நம் ஜனங்களுக்கோ ஊசி என்றாலே பயம். வெள்ளைக்காரன் கொண்டு வந்த ஊசி என்றால் சந்தேகம் வேறு. ஓரிடத்தில் கல்லெறியும் நடந்ததாகச் சொல்லுவார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கு நடுவில் சட்டையை விலக்கி, முதலில் தமக்கு ஊசி போட்டுக் காட்டினார். கூட இருந்த இந்திய டாக்டர்களும் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

கல்கத்தாவில் கட்டால் பாகான் என்றொரு குடிசைப் பகுதி. 1894ல் அங்கே காலரா கண்டது. சுமார் 200 பேர் இருந்த அந்த இடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு 10 பேருக்குக் காலரா கண்டு 7 பேர் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்! ஒரே குளம், ஒரே தெரு, ஒரே தண்ணீர். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. வட இந்தியா முழுக்கவும், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் சுற்றினார். இரண்டரை வருஷத்தில் 42,000 பேருக்கு மேல் ஊசி போட்டாயிற்று. ஒரு ஆளுக்கு ஒரு ஊசி அல்ல. சில நாள் இடைவெளி விட்டு இரண்டு ஊசி. கூலி வேலைக்குப் போகிற ஜனங்களை இரண்டாம் தடவை தேடிப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த அலைச்சலில் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. 1895ல் உடம்பு தேற ஐரோப்பாவுக்குப் போனார். தேறியதும் திரும்பி வந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்த 1896ம் வருஷம்தான் பம்பாயில் பிளேக் வெடித்தது. ஜனங்கள் ரயிலேறி ஊரைவிட்டு ஓடினார்கள். கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஹாஃப்கினுக்கு ஒரு சின்ன அறையும் ஒரு நடையும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான்.

அங்கே அவர் செய்த காரியம் நம் அடுக்களையை ஞாபகப்படுத்தும். கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். மாடும் பன்றியும் நம் நாட்டில் இரு சாராருக்கும் ஆகாது என்று ஆட்டிறைச்சிச் சாற்றை எடுத்துக்கொண்டார். அதன் மேல் சில சொட்டு நெய் விட்டார். ரசத்தில் நெய் மிதக்குமே, அதே மாதிரி! மிதக்கிற நெய்ச் சொட்டின் அடியில் பிளேக் கிருமி ஒட்டிக்கொண்டு, ஆலமரத்து விழுது மாதிரி கீழ்நோக்கி வளர்ந்தது. பாட்டிலைக் குலுக்கினால் விழுது உதிரும்; மறுபடியும் வளரும். நிறைய வளர்ந்ததும் அதைச் சூடேற்றிக் கிருமியைக் கொன்றுவிட்டு, கெடாமல் இருக்கக் கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்தார். செத்துப்போன கிருமியை உடம்புக்குள் செலுத்தினால், உடம்பு அந்த எதிரியை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். நிஜக் கிருமி வரும்போது எதிர்த்து நிற்கும். தடுப்பூசியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் மருந்து தயார். 1897ம் வருஷம் ஜனவரி 10ம் தேதி, வழக்கம்போல, முதல் ஊசி அவருக்கே. அதுவும் மற்றவர்களுக்குக் கொடுக்க உத்தேசித்திருந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! காய்ச்சலோடு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா ஜெயிலில் பிளேக் நுழைந்தது. கைதிகளில் இஷ்டப்பட்ட 147 பேருக்கு ஊசி போட்டார்கள். 172 பேர் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் 2 பேருக்கு நோய் கண்டது, ஒருவரும் சாகவில்லை.

'இஷ்டப்பட்ட' என்று சொன்னேன் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. அதே 1897ல் புனாவில் என்ன நடந்தது? பிளேக்கை ஒழிக்கிறேன் என்று சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து, சாமான்களை வெளியே எறிந்து, பெண்களைக்கூட மரியாதையில்லாமல் பரிசோதித்தார்கள். ஊரே கொதித்தது. அந்த வேலைக்குத் தலைமை வகித்த ராண்ட் என்ற அதிகாரியை ஜூன் மாதம் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஹாஃப்கினும் அந்நியர்தான். அவர் கையில் இருந்ததோ ஊசி! ஆனால் அவர் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. தம் உடம்பில் போட்டுக் காட்டிவிட்டு, இஷ்டமிருந்தால் வா என்றார். கோஜா முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான், அப்போது இருபது வயது வாலிபர், தம் ஜனங்களின் முன்னால் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் முன்வந்தார்கள். 1899ல் பம்பாய் பரேலில் பழைய கவர்னர் மாளிகையையே ஹாஃப்கினின் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தது சர்க்கார்.

இப்படி உச்சிக்குப் போன மனிதரைக் காலம் கீழே தள்ளிய கதையையும் கேளுங்கள்.

1902ம் வருஷம் அக்டோபர் 30ம் தேதி. பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்ற கிராமம். அன்று 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போட்டார்கள். ஒரு வாரம் கழிந்தது. ஒரே பாட்டிலிலிருந்து மருந்து ஏற்றிக்கொண்ட 19 பேருக்கு வாய் கிட்டிப்போயிற்று. உடம்பு வில்லாக வளைந்தது. பத்தொன்பது பேரும் இறந்தார்கள். பிளேக்கால் அல்ல. ரண ஜன்னி! டெட்டனஸ் என்கிறோமே, அது.

பழி உடனே ஹாஃப்கின் தலையில் விழுந்தது. பஞ்சாபுக்கு லட்சக்கணக்கில் மருந்து கேட்டதால், அவர் தயாரிப்பு முறையைச் சற்று மாற்றியிருந்தார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூடேற்றுவதை மட்டும் நம்பினார். பாரிஸிலும் அப்படித்தான் செய்தார்கள். விசாரணைக் கமிஷன், பாட்டில் பம்பாயிலேயே கெட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தார்கள். 'வைத்தியமே படிக்காதவர், அந்நியர், யூதர்' என்ற எண்ணம் சில பேர் மனதில் முன்னமே இருந்தது. அவர் லண்டனுக்குப் போய், "என் கணக்கைச் சரியாகப் பாருங்கள்" என்று வருஷக்கணக்காக நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மை என்ன? முல்கோவாலில் அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது, மூடியை எடுக்கும் இடுக்கி உதவியாளர் கையிலிருந்து தரையில் விழுந்திருக்கிறது. அதையே எடுத்து, சரியாகச் சுத்தம் செய்யாமல், பாட்டிலைத் திறந்திருக்கிறார். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்கிற கிருமி. பம்பாயிலேயே அது பாட்டிலுக்குள் போயிருந்தால், அத்தனை நாளில் பெருகி நாறியிருக்கும். ஆனால் திறந்தபோது மருந்தில் எந்த வாடையும் இல்லை என்று அங்கிருந்த டாக்டரே சாட்சி சொல்லியிருந்தார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று நம் நாட்டிலிருந்தே கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸும் மற்றும் பல விஞ்ஞானிகளும் சேர்ந்து, 1907 ஜூலையில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வருஷக் கடைசியில் சர்க்கார் அவரைக் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டது.

ஐந்து வருஷம் வீண்பழி சுமந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? 'உங்கள் சகவாசமே வேண்டாம்' என்று போயிருக்கலாம். அவர் மறுபடியும் இந்தியாவுக்கே வந்தார். பம்பாயில் அவர் வளர்த்த நிலையம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சிசாலையைக் கொடுத்தார்கள். அங்கேயும் ஜனங்களுக்கு மருந்து தயாரித்துக் கொடுக்க அனுமதி இல்லை. 1915ல் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபர் 26ம் தேதி ஸ்விட்சர்லாந்தில் லோஸான் என்ற ஊரில் காலமானார். பரேல் நிலையத்துக்கு 1925லேயே 'ஹாஃப்கின் நிலையம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே பெயரில் இன்றும் மும்பையில் இருக்கிறது. 1897லிருந்து 1925 வரைக்கும் அங்கிருந்து போன பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசி. 1964ல் இந்தியத் தபால் இலாகா அவர் படம் போட்ட ஸ்டாம்பு வெளியிட்டது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்லுகிறேன்? காரணம் இருக்கிறது, சகோதரிகளே. பிளேக் இப்போது நம்மை மிரட்டுவதில்லை. வந்தாலும் உடனே கண்டுகொண்டால் குணப்படுத்த மருந்து இருக்கிறது. ஆனால் முல்கோவாலில் பத்தொன்பது பேரைக் கொன்ற அந்த ரண ஜன்னிக் கிருமி எங்கேயும் போய்விடவில்லை. நம் தோட்டத்து மண்ணில், தொழுவத்துச் சாணியில், தெருப் புழுதியில் இன்றைக்கும் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வரும் என்று நினைக்கிறோம். துரு ஒன்றும் செய்யாது. ஆணியில் ஒட்டிய மண்தான் ஆபத்து.

அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவத்தில் கதிர் அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள் கொடியை அறுத்து, சாம்பலோ சாணியோ வைத்துவிடுவார்கள். பிறந்த குழந்தை இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும்; அப்புறம் வாய் இறுகிப் பால் இழுக்க முடியாமல் விறைத்துப் போகும். 'பேய் அடிச்சிருச்சு', 'செய்வினை' என்று அழுதுவிட்டுப் புதைப்பார்கள். எல்லாம் இந்தக் கிருமியின் வேலை. கர்ப்பிணிகளுக்கு ஊசி, சுத்தமான பிரசவம் இந்த இரண்டும் சேர்ந்து நிலைமையை மாற்றின. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஒழித்தது என்றால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஊசியை நிறுத்தினால் அது திரும்பி வரும்.

எங்கள் எதிர் வீட்டு மருமகள் பனியன் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிறவள். குழந்தைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம் ஊசி ஆயிற்று. பதினாலாவது வார ஊசி தள்ளிக்கொண்டே போயிற்று. கேட்டேன்.

"ஏனக்கா, ஊசி போட்டா ராத்திரியெல்லாம் அழுவறானுங்க. காய்ச்சல் வேற. புதன்கெழமை லீவு போட்டா அந்த நாள் சம்பளமும் போச்சு. ரெண்டு ஊசிதான் போட்டாச்சுங்களே, மூணாவது போடாட்டி என்னாகப் போவுது?"

"அம்மணி, மூணு முடிச்சுப் போட்டாத்தான் தாலி. ரெண்டு முடிச்சோட நின்னா நிக்குமா?" என்றேன். சிரித்துவிட்டாள். "உங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. ஊசி அட்டை இருந்தாப் போதும், ஆத்தாகாரிதான் வரணும்னு இல்லை" என்றேன். அடுத்த புதன்கிழமை மாமியார் அட்டையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அவள் கேட்ட கேள்வியைப் பல பெண்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக, தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

1. கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் டி.டி. ஊசி, 4 வாரம் கழித்து இரண்டாவது. மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் கர்ப்பமானால் ஒரு பூஸ்டர் போதும். முன்பு போட்ட ஊசியில் ரண ஜன்னிக்கு மட்டும் மருந்து இருந்தது. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து இருக்கிறது.

2. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசி போடுகிறார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலையில் 'பி' வகை, மூளைக் காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற ஒரு கிருமி ஆகிய ஐந்து. பிறகு ஒன்றரை வயது வாக்கிலும், 5 வயது முடிந்த பிறகும் பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. பெரிய பிள்ளைகளுடையதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

3. தேதி தவறிவிட்டதா? பயந்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண சளி, லேசான இருமல் இருந்தாலும் போடலாம். கடுமையான காய்ச்சல் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தள்ளிப்போடலாம்.

4. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும், போட்ட இடத்தில் வீக்கமும் சகஜம். உடம்பு எதிரியை அடையாளம் கற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். நர்ஸம்மா சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலிப்பு கண்டாலோ, குழந்தை ஓயாமல் வீறிட்டு அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

5. ஊசிக் குழல் புது உறையிலிருந்து உங்கள் கண்முன் எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். சர்க்கார் தடுப்பூசிக்குப் பயன்படுத்துவது ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்கிற குழல். இரண்டாம் பேருக்குப் போடவே முடியாது. கீழே விழுந்ததை எடுத்தால், "வேற எடுத்துக்கோங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். முல்கோவாலில் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் பத்தொன்பது குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

6. மண் பட்ட காயம், முள், கண்ணாடி, மாட்டுக் கொம்பு, தையல் மிஷின் ஊசி விரலில் ஏறியது, எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சாணி, காப்பித் தூள், மண்ணெண்ணெய் வைத்துக் கட்டாதீர்கள். கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்லி, தேவையானால் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு இந்த ஊசிகளெல்லாம் இலவசம். வீடு தேடி வருகிற கிராம சுகாதார நர்ஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், 'பாப்பா தூங்குது' என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பது என்ன பாடு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஹாஃப்கின் நம் நாட்டில் தொடங்கி வைத்த வேலையைத்தான் அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

குழந்தையின் ஊசி அட்டையை மளிகைச் சீட்டுக்கு நடுவில் சொருகி வைக்காமல், ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தேதி எதுவென்று இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.